தண்ணிக்கும் வழி, கரண்டுக்கும் வழி

மழை விட்ட பின்னேரம். நமுனுகுல மலை இன்னும் மூட்டத்துக்குள்தான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் காரை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு வந்த இ.பி.எப். காசில் வாங்கிய ட்ராட் சனி. காரின் வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

"பெட்டரி புதுசு அண்ணே. ஆல்டர்னேட்டரும் மாத்தியாச்சு. ஆனா ரெண்டு மூணு நாள் நிப்பாட்டி வச்சா ஸ்டார்ட் ஆகுதில்ல. பிரேக்க மிதிச்சா சிக்னல் லைட்டு மங்குது. இப்ப மழைக்கு இடது பக்கத்துக் கார்பட்டும் ஊறிப்போச்சு. ஒண்ணு போனா ஒண்ணு வருது. வித்துடலாமான்னு இருக்கு."

"மொதல்ல இறங்கி வாங்க தம்பி. சாயத்தண்ணி குடிச்சிட்டுப் பேசுவோம்" என்றேன்.

அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் இதே கவலையோடு பழைய கார் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய காரின் விலை எங்கேயோ போய்விட்டது. புதுக் கார் இன்றும் நம் கைக்கு எட்டாது. லயத்தில் நடுச்சாமத்தில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி எடுத்தால் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடுவது இந்த மாதிரி ஒரு கார்தான். அதை விற்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கண்ணை மூடிக்கொண்டு சாமான் மாற்றிக் காசைக் கரைக்கச் சொல்லவும் மனம் வராது.

தம்பி சொன்னது மூன்று கோளாறு. நான் பார்த்த வரையில் அது ஒரே கோளாறு. காருக்குள் வந்த தண்ணிக்கு வெளியே போக வழியில்லை. பெட்டரியிலிருந்து கிளம்பிய கரண்டுக்குத் திரும்பி வர வழியில்லை. முதலாவதுதான் இரண்டாவதைக் கொண்டுவந்தது. பழைய காரில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

முதலில் தண்ணி. நம்முடைய ஊவாவின் காலநிலை கார் ரப்பருக்குக் கொஞ்சம் கொடுமையானது. ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேல் மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வறண்ட கச்சான் காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. அந்தக் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்த வாசத்தைக் கொடுக்கிறது. அதே காற்றும் வெயிலும் கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங்கையும் கதவு ரப்பரையும் பசை வற்ற வைத்துக் காய்ச்சிவிடும். ரப்பர் இறுகிச் சுருங்கி முடி போல வெடிக்கும். வெடித்த சுவடு வெயில் காலத்தில் தெரியாது. ஐப்பசியில் இடிமழை தொடங்கி, வடகீழ் மழையும் சேர்ந்து மார்கழி, தை வரை கொட்டும்போதுதான் ரப்பரின் கணக்கு வெளியே வரும்.

கார்பட் நனைந்திருந்தால் பீடிங் கடைக்கு ஓடாதீர்கள். அது எந்தத் தண்ணி என்று முதலில் பாருங்கள். காருக்குள் வருகிற தண்ணி மூன்று வகை. மழைத் தண்ணி, ஏசித் தண்ணி, ரேடியேட்டர் தண்ணி. வெள்ளைத் துணி ஒன்றை ஈரத்தில் அமுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். மண்நிறமாக இருந்து மழை நாளில் மட்டும் வந்தால் அது மழை. பிபிலைப் பக்கம் வெயிலில் இறங்கும்போது ஏசி போட்ட நாளில் மட்டும் சுத்தமான தண்ணி தேங்கினால், ஏசிப் பெட்டியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. துணி வழுவழுப்பாகி, பச்சையோ சிவப்போ தெரிந்து, இனிப்பு கலந்த ஒரு வாடை அடித்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் ஒழுகுகிறது. ஜப்பானிலிருந்து வந்த கார்களில் ஹீட்டர் இருக்கும். நாம் போடாமல் இருந்தாலும் அதற்குள் ரேடியேட்டர் தண்ணி இருக்கும். இந்த மூன்றாவது வகையை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. தண்ணி குறைந்து எஞ்சின் சூடேறினால் செலவு வேறு கணக்கில் வரும்.

தம்பியின் துணியில் வந்தது மண்நிறம். மழைதான். எங்கிருந்து? இங்கேதான் அநேகம் பேர் ஏமாறுவது. தண்ணி தெரிகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. கூரையில் ஓட்டை ஒரு பக்கம் இருக்க, தண்ணி மரச்சட்டத்தின் வழியே ஓடி வேறு பக்கம் சொட்டுவதை லயத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த் தகரமும் அப்படித்தான். ஈரத்தைக் கண்ட இடத்திலிருந்து மேல்நோக்கிப் போக வேண்டும்.

பொனட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே சல்லடை மாதிரி இருக்கும் தட்டைக் கழற்றினோம். அதன் அடியில் ஒரு சின்னத் தொட்டி இருக்கும். முன் கண்ணாடியில் வழிகிற மழை முழுவதும் அதில் விழுந்து, இரண்டு ஓரத்து ஓட்டைகளால் சில்லுக்குப் பின்னால் இறங்கித் தரைக்குப் போக வேண்டும். காரின் காற்றாடி வெளிக்காற்றை இழுக்கிற வாயும் அதே தொட்டிக்குள்தான் இருக்கிறது. ஓட்டை அடைத்தால் தண்ணி ஏறி அந்த வாய்க்குள் வழியும். வழிந்தால் நேராக இடது பக்கத்தில் உட்காருகிறவரின் காலடிக்கு வரும்.

நான் கையை விட்டு அள்ளினேன். சவுக்கு மர இலை. தேயிலைக்கு நிழலுக்காக நட்ட மரம், நரம்பு நரம்பாகக் கிழிந்த இலை. வருடக்கணக்காக விழுந்து மக்கி, கொதித்து முடிந்த தேயிலைச் சக்கை மாதிரி கறுப்பாகக் கைநிறைய வந்தது. நான்கு பிடி எடுத்தேன். பிறகு மெல்லிய ரப்பர்க் குழாயை ஓட்டைக்குள் விட்டு மெதுவாக ஆட்டினேன். கம்பியால் குத்தினால் உள்ளே உள்ள இணைப்பு கிழிந்துவிடும், அதைச் செய்யாதீர்கள். ஒரு கோப்பைத் தண்ணியை ஊற்றினோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் முன் சில்லுக்குப் பின்னாலிருந்து கறுப்புத் தண்ணி சளசளவென்று இறங்கியது. தம்பி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இதற்குத்தான் ஓர் இடத்தில் முன் கண்ணாடியையே கழற்றிப் புதுப் பீடிங் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம்.

எல்லாக் காரிலும் தொட்டிதான் காரணமாக இருக்காது. கதவுக்குள் தண்ணி போவது கோளாறே இல்லை. ஷட்டர் கண்ணாடியின் ஓரத்தால் மழை இறங்கும் என்று தெரிந்துதான், வடிவதற்குக் கதவின் அடியில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தாளும் ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கர் பூட்டுகிறவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் போனால், அடுத்த மழையிலிருந்து தண்ணி கதவை விட்டு உள்ளே வரும். கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டும். உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. இருட்டில் ஒருவர் உள்ளே டோர்ச் அடிக்க, மற்றவர் வெளியே சுற்றி வந்தால் வெளிச்சம் கசியும் இடம் தெரியும்.

அதிலும் பிடிபடாவிட்டால், சந்தேகமான இடங்களின் உள்பக்கத்தில் முகப்பவுடரைத் தூவிவிட்டு, வெளியே ஹோஸ் பைப்பால் தண்ணி விடுங்கள். வேகமாக அடிக்கக் கூடாது, மழை மாதிரி வழிய விட வேண்டும். கீழேயிருந்து தொடங்கி, ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடம் விட்டு, மேலே ஏறுங்கள். முதலிலேயே கூரையில் விட்டால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் விளங்காது. பவுடரில் தண்ணி ஓடிய கோடு தானாகவே வழி காட்டும். கண்ட பிறகு மேலே சிலிக்கன் பசை பூசி மூடிவிடாதீர்கள். பூச்சுக்கு அடியில் தண்ணி தங்கித் தகரத்தை அரித்துக்கொண்டே இருக்கும். கழற்றி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, புது ரப்பர் போட வேண்டும். கார்பட்டையும் அதன் அடியில் உள்ள சணல் மெத்தையையும் வெளியே எடுத்துக் கொடியில் காயப்போட வேண்டும். மேல்துணி காய்ந்த பிறகும் மெத்தை வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

இரண்டாவது கோப்பைச் சாயத்தண்ணி ஊற்றியாயிற்று. இனிக் கரண்ட்.

வீட்டு பல்புக்கு இரண்டு வயர் போவது எல்லோருக்கும் தெரியும். காரில் அநேகமான பல்புகளுக்கு பெட்டரியிலிருந்து வருவது ஒரே வயர்தான். திரும்பிப் போகிற இரண்டாவது வயர் எங்கே? காரின் உடம்புதான் அந்த வயர். பல்பைத் தாண்டிய கரண்ட் தகரத்தில் இறங்கி, அதன் வழியே பெட்டரியின் மைனஸ் முனைக்குத் திரும்புகிறது. இதைத்தான் எர்த் என்கிறோம். இது விளங்கினால், பழைய காரின் கரண்ட் கோளாறில் பெரும்பங்கு விளங்கிவிடும். தண்ணி வந்து தகரம் துருப்பிடித்தால், அந்த இரண்டாவது வயர் தேய்ந்து அறுகிறது என்று அர்த்தம். மழை காரின் வயரிங்கையே தின்கிறது.

பிரேக்கை மிதித்தால் சிக்னல் மங்குவது ஏன்? நம்முடைய ரோட்டை நினைத்துப் பாருங்கள். பதுளையிலிருந்து பசறைக்கு வந்த பஸ் திரும்பிப் போக வேண்டும். மெயின் ரோடு மண்சரிவில் மூடிவிட்டால் அது தோட்ட ரோட்டால் சுற்றித்தான் போகும். தாமதமாகப் போகும், அந்தச் சின்ன ரோட்டில் வருகிற வாகனத்துக்கும் இடைஞ்சல். பின் விளக்கின் எர்த் துருப்பிடித்தால் பிரேக் பல்பின் கரண்ட் அதே மாதிரி பக்கத்து பல்பின் இழை வழியே சுற்றிப் போகப் பார்க்கும். அதனால் பிரேக் லைட்டும் மங்கும், சிக்னலும் மங்கும், போடாத பல்பு கூட லேசாக மினுங்கும். ஒன்றை மிதித்தால் இன்னொன்று ஆடுகிறது என்றால் பல்பையும் சுவிட்சையும் விட்டுவிட்டு எர்த்தைப் பாருங்கள்.

பார்ப்பதற்கு மல்டிமீட்டர் ஒன்று போதும். கறுப்பு முனையை பெட்டரியின் மைனஸ் கம்பத்தில் வைத்து, நீளமான ஒரு வயர் சேர்த்து, சிவப்பு முனையைப் பின் விளக்கின் எர்த் உலோகத்தில் வைத்தேன். தம்பி பிரேக்கை மிதித்தார். வழி சரியாக இருந்தால் மீட்டர் சைபருக்குப் பக்கத்தில் நிற்கும். 0.2 வோல்ட் வரை பொறுக்கலாம். 2.4 வோல்ட் காட்டியது. பெட்டரியின் 12 வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் துருவிலேயே செத்துவிடுகிறது. ஐந்தில் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே இழை பல்பின் வெளிச்சம் சடாரென்று விழும். இந்தக் குறைவுக்கு வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும்.

விளக்கைக் கழற்றினோம். அதன் பின்னால் இருக்க வேண்டிய பஞ்சு ரப்பர் பொடிப்பொடியாகக் கையில் வந்தது. அதன் வழியாகத்தான் மழை டிக்கிக்குள் இறங்கியிருக்கிறது. எர்த் வயரைத் தகரத்தோடு பிடிக்கிற சின்ன ஆணி, காய்ந்த இரத்தம் மாதிரி பழுப்பாக இருந்தது. வயரின் செம்பு நுனியில் பச்சைப் பொடி. வயரின் தோலை அரை அங்குலம் சீவினேன், உள்ளேயும் பச்சை. ஈரம் இழைகளுக்கு நடுவே திரி மாதிரி ஏறும். இன்னும் கொஞ்சம் சீவினேன், செம்பு பளபளவென்று வந்தது. அங்கே வெட்டிப் புது நுனி போட்டு, தகரத்தை எமரித் தாளால் வெள்ளையாகும் வரை தேய்த்து, புது ஆணியால் இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். திரும்ப மீட்டர் வைத்தபோது 0.1. வாங்கிய சாமான் ஓர் ஆணி, ஒரு வயர் நுனி, ஒரு துண்டு ரப்பர்.

அப்படியானால் பெட்டரி ஏன் இறங்குகிறது? முதலில் பெட்டரியையும் சார்ஜையும் பார்த்துவிடுங்கள். ஓடாமல் நிற்கிற காரில் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் நடுவில் நின்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. தம்பியின் கார் 14.1 காட்டியது. சார்ஜ் ஆகிறது, ஆனால் நிற்கும்போது யாரோ குடிக்கிறார்கள்.

குடிக்கிறவரைப் பிடிக்கவும் ஒரு முறை இருக்கிறது. சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, கம்பத்துக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். அந்த நேரம் ஸ்டார்ட் பண்ணக் கூடாது, மீட்டர் எரிந்துவிடும். மணிக்கூடும் ரேடியோ நினைவும் மட்டும் உள்ள பழைய காரில் 0.05 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எந்தப் பியூஸை உருவும்போது எண் விழுகிறதோ, திருடன் அந்த வழியில் இருக்கிறான்.

எங்களுக்கு 0.42 காட்டியது. உள் விளக்குப் பியூஸை உருவினதும் விழுந்தது. ஆனால் உள்ளே எந்த விளக்கும் எரியவில்லை. தம்பியின் போனில் வீடியோவைப் போட்டு, டிக்கிக்குள் வைத்து மூடினோம். எடுத்துப் பார்த்தால், மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. ஒழுகிய அதே மழையில் டிக்கி விளக்கின் சுவிட்ச் துருப்பிடித்து இறுகிவிட்டது. 5 வாட் பல்புதான். ஆனால் நாளொன்றுக்கு 10 ஆம்பியர் மணி குடிக்கும். அந்தக் காரின் பெட்டரி 45. மூன்று நாளில் மூன்றில் இரண்டு பங்கு காலி. புதுப் பெட்டரி போட்டாலும், புது ஆல்டர்னேட்டர் போட்டாலும், அந்த விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

கோப்பை காலியாகும் முன் மூன்று எச்சரிக்கை. உயிர் சம்பந்தப்பட்டவை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பியூஸ் எரிந்தால் அதே அளவுப் பியூஸ்தான் போட வேண்டும். 10 போன இடத்தில் 20 போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிவிடுவதும் காருக்கு நெருப்பு வைக்கிற வேலை. எங்கேயாவது அறுந்துதான் ஆக வேண்டும் என்றால் இங்கே அறுகட்டும் என்று வேண்டுமென்றே வைத்த மெல்லிய இடம்தான் பியூஸ். அதைத் தடிப்பாக்கினால், அறுகிற இடம் டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள வயராக மாறும்.

பெட்டரியைக் கழற்றும்போது உடம்போடு சேர்ந்த முனையை முதலில் கழற்றுங்கள், பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். ஸ்பேனர் தவறித் தகரத்தில் பட்டாலும் பொறி பறக்காது. இன்றைய கார்களில் அது மைனஸ். டைனமோ வைத்த பழைய மோரிஸ் மைனர் மாதிரி ஆங்கிலேயக் கார்களில் பிளஸ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். ஆகையால் நிறத்தை நம்பாமல், வயரைக் கண்ணால் தொடர்ந்து அது எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், கழற்றிய பிறகு சுடுதண்ணியில் அப்பச்சோடா கரைத்து ஊற்றிக் கழுவித் துடைத்து வாசலின் தடவுங்கள்.

மூன்றாவது, வெள்ளம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த மலைகளை உருக்கிப் போட்டதை நாம் மறக்க முடியாது. இனி ஒரு நாள் உங்கள் காருக்குள் தண்ணி ஏறி நின்றால், ஓடுதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்ப வேண்டாம். முதலில் பெட்டரி வயரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு பிளக்கையும் திறந்து காய வைத்து, எஞ்சின் ஒயிலில் தண்ணி கலந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவி. நனைந்த காரைக் காய வைத்துக் காப்பாற்றலாம். நனைந்தபடியே கரண்ட் கொடுத்தால் பிறகு காப்பாற்ற என்ன மிஞ்சும் என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் விட மலிவான வைத்தியம், கச்சான் அடங்குவதற்குள் ஒரு பின்னேரத்தை ஒதுக்குவது. வைப்பர்த் தொட்டி இலையை அள்ளுங்கள், கதவடி ஓட்டைகளைத் திறந்துவிடுங்கள், ரப்பருக்கு சிலிக்கன் திரவம் தடவுங்கள், எர்த் ஆணிகளை ஒரு சுற்று இறுக்குங்கள். ஐப்பசி மழை வரும்போது தண்ணிக்கும் வழி இருக்கும், கரண்டுக்கும் வழி இருக்கும்.

தம்பி கிளம்பும்போது இருட்டிவிட்டது. ரோட்டில் மூட்டம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "ஒருக்கா பிரேக்க மிதிங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் பின்னால் போய் நின்றேன். இரண்டு பக்கமும் ஒரே சிவப்பு, மூட்டத்துக்குள் நன்றாகத் தெரிந்தது. இந்த ரோட்டில் ஒவ்வொரு முடக்கிலும் பின்னால் வருகிறவருக்குத் தெரிவது அது ஒன்றுதான். "சரி, பாத்துப் போங்க" என்றேன்.